பிறர் பிள்ளையைப் பொது இடத்தில் கண்டிப்பது: எப்போது, எப்படி, எதுவரை

முன்பின் அறியாத ஒருவரின் பிள்ளை பொது இடத்தில் செய்யும் சேட்டையைக் கண்டு வாயைத் திறக்கலாமா என்ற கேள்விக்கு நம் ஊரில் இரண்டு விடைகள் புழங்குகின்றன. தெருவில் போகிற எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் அதட்டலாம், அதைப் பிள்ளை வீட்டில் வந்து சொன்னால் அங்கே இன்னும் இரண்டு அடி விழும் என்றிருந்த காலத்தைச் சொல்லி, அது போயிற்றே என்று வருந்துவோர் ஒரு பக்கம். "என் பிள்ளையைக் கேட்க நீங்கள் யார்?" என்று சீறுவோர் மறுபக்கம். இருவரிடமும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பேருந்திலோ ரயிலிலோ பந்தியிலோ கண்ணெதிரே ஒரு பிள்ளை ஏதோ செய்துகொண்டிருக்கும்போது அந்த வழக்கைத் தீர்த்துவிட்டு வர நேரம் இருக்காது. சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் இது: நடந்துகொண்டிருக்கும் செயலை நிறுத்தச் சொல்ல அந்நியருக்கு உரிமை உண்டு, அந்தப் பிள்ளையை வளர்க்கும் வேலை அவருடையதன்று. கீழே வரும் யோசனைகள் அனைத்தும் இந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதைப் பற்றியவை.

ஆபத்து என்றால் யோசிக்க வேண்டாம்

திருமண மண்டபத்தில் பந்தி நடக்கும் நேரத்தைக் கவனியுங்கள். இரண்டு மேசை வரிசைகளுக்கு இடையே ஓர் ஆள் நடக்கும் அளவுக்குத்தான் வழி இருக்கும். அதில் சாம்பார் வாளியை ஒரு கையிலும் கரண்டியை மறுகையிலும் வைத்துக்கொண்டு, பரிமாறுபவர் இலைகளைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்து வருவார். அவருடைய கவனமெல்லாம் யாருடைய இலையில் சோறு காய்கிறது என்பதில் இருக்குமே தவிர, இடுப்புக்குக் கீழே என்ன ஓடுகிறது என்பதில் இருக்காது. வாளி தொங்கும் உயரமும் நான்கு வயதுப் பிள்ளையின் முகம் இருக்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. அந்த வழியில் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளைக் கண்டால், அவர்கள் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா, தாய் தந்தையர் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கையை நீட்டி வழியை மறித்து, "நில்லு கண்ணு, சூடு வருது" என்று நிறுத்த வேண்டும். பரிமாறுபவருக்கும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். வாளி கடந்து போன பிறகு வீட்டாரைத் தேடிச் சொல்லிக்கொள்ளலாம்.

கோயில் குளத்தின் பாசி படிந்த படிக்கும், ரயில் நடைமேடையின் விளிம்புக்கும், மெரினாவில் திரும்பிப் போகும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும் இடத்துக்கும் இதே விதிதான். நகரும் படிக்கட்டைத்தான் நாம் போதுமான அளவு அஞ்சுவதில்லை. அதில் பிள்ளைகள் உட்கார்ந்து வருவதைப் பெற்றோர் கைபேசியில் படம் எடுப்பதைக் கூடப் பார்க்கலாம். படிகள் தட்டையாகி உள்ளே செல்லும் முனையிலும், படிக்கும் பக்கச்சுவருக்கும் இடையிலான சந்திலும் பட்டுப்பாவாடையின் கரை சிக்கலாம். மெத்தென்ற ரப்பர் செருப்பும் சிக்கலாம். "பாப்பா, எழுந்து நின்னு அம்மா கையைப் பிடிச்சுக்கோ" என்பதற்குமேல் அங்கே விளக்கம் தேவையில்லை. உண்மையிலேயே ஏதேனும் சிக்கிவிட்டால், படிக்கட்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சிவப்பு நிறத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்கும். எல்லாரும் சேர்ந்து பிள்ளையை இழுப்பதைவிட ஒருவர் ஓடிப்போய் அதை அழுத்துவது முக்கியம்.

பிள்ளையைத் தொடுவதற்கு அந்நியருக்கு அனுமதி இந்த ஓரிடத்தில் மட்டும்தான். விழப்போகும் பிள்ளையின் கையைப் பற்றலாம், தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கலாம். ஆபத்து விலகிய மறுநொடியே கையை எடுத்துவிட வேண்டும். பிடித்த பிடியை விடாமல் "அறிவிருக்கா உனக்கு?" என்று தொடங்கினால் காப்பாற்றிய செயல் அடிக்கப் போகும் செயலாகத் தெரியும், பத்தடி தள்ளித் திரும்பிப் பார்க்கும் தாயின் கண்ணில் அந்தக் கடைசிக் காட்சிதான் படும்.

பிறருக்குத் தொல்லை, வெறும் எரிச்சல், தேவையற்ற உபதேசம்

ஆபத்துக்கு அடுத்த படியில் இருப்பது பிறருக்கோ உயிரினங்களுக்கோ பொதுச்சொத்துக்கோ நேரும் கேடு. பின்னிருக்கையிலிருந்து உதைத்துக்கொண்டே வரும் கால், வண்டலூர் உயிரியல் பூங்காவில் கூண்டுக்குள் வீசப்படும் சிப்ஸ், கட்டிக்கிடக்கும் நாயின் மீது எறியப்படும் கல் ஆகியவை இந்த வகை. இவற்றைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதையும் அவற்றுக்குத் தீனி போடுவதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்கிறது. அங்கே நீங்கள் பேசுவது உங்கள் சொந்த விருப்பத்தை அன்று, நுழைவாயிலில் எழுதிவைத்திருக்கும் விதியை. ஓடும் ரயிலின் மீது கல்லெறிவது சிறுவர்களுக்கு விளையாட்டு; ரயில்வே சட்டத்திலோ அது பயணிகளின் உயிரோடு விளையாடும் கடுங்குற்றம். தண்டவாளத்தின் ஓரம் கையில் கல்லோடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டும் காணாததுபோல் போவதற்கு எந்த நாகரிகமும் காரணமாகாது.

வெறும் எரிச்சல் என்பது வேறு. குழந்தை அழுகிறது; சிறுவன் ஒரே கேள்வியைப் பதினைந்தாவது முறையாகக் கேட்கிறான்; உணவகத்தில் ஒரு பிள்ளை மேசைக்கடியில் புகுந்து வருகிறது. இவற்றைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. பொது இடம் பிள்ளைகளுக்கும் பொதுவானது. இரவு ரயிலில் உங்கள் இருக்கையின் ஓரத்தில் ஒரு பிள்ளை வந்து ஒட்டிக்கொள்வது சில சமயம் பெற்றோரின் அலட்சியத்தால் நேர்வதே அன்று. 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம்; படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம். ஆகவே நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று படுக்கைகளோடு ஏறுவது இயல்பு, அந்த நான்காவது ஆள் எங்காவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் இரவு 10 மணிக்குப் பிறகும் கைபேசியில் சத்தமாக விளையாட்டு ஓடினால் கேட்கலாம். அதற்கு ரயில்வேயின் விதியே துணை நிற்கிறது. கேட்டும் நிற்கவில்லையென்றால் பயணச்சீட்டுப் பரிசோதகரிடமோ 139 என்ற எண்ணிலோ சொல்லலாம்.

அழுது புரளும் பிள்ளையைப் பற்றி இன்னொன்று. எட்டு வயதுப் பையன் துணிக்கடையில் தரையில் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், அதை அடம் என்று தீர்மானிக்கும் முன் சற்று நிதானிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கூட்டமும் விளக்கொளியும் ஒலிபெருக்கிச் சத்தமும் ஒரே நேரத்தில் தாங்க முடியாதவையாகிவிடும். அந்தத் தாய்க்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது சுற்றி நிற்கும் கூட்டம் கலைவது; "செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்ற முணுமுணுப்பு அன்று. உதவ விரும்பினால், ஒலிபெருக்கியைக் குறைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

உபதேச வகை ஒன்று மீதமிருக்கிறது. அதை எந்த நிலையிலும் தொடவே கூடாது. பெண் பிள்ளை உரக்கச் சிரிக்கிறாள், கால் மேல் கால் போட்டிருக்கிறாள், இந்த வயதில் இந்த உடையா, இவ்வளவு குண்டாக இருக்கலாமா, தமிழில் பேசத் தெரியாதா என்பன போன்றவை யாருக்கும் எந்தக் கேடும் செய்யாத செய்திகள். இவற்றைச் சொல்பவர் பிள்ளையைத் திருத்தவில்லை. தம் பார்வைக்கு ஏற்றபடி உலகம் இல்லையே என்ற குறையை, திருப்பிப் பேச முடியாத ஒருவர் மீது இறக்கி வைக்கிறார். வாயைத் திறக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இங்கேயே வருகிறது: இதே செயலைக் காரிலிருந்து இறங்கிய பிள்ளை செய்தால் இதே குரலில் சொல்வேனா? கடற்கரையில் சுண்டல் வாளியோடு வரும் பையனை "டேய்" என்று விரட்டும் அதே வாய், மணல் வீடு கட்டி நம் மீது மண்ணை வாரி இறைக்கும் நல்ல உடுப்புப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொள்வதை யாரும் கவனித்திருக்கலாம். விடை "மாட்டேன்" என்றால், நம்மைப் பேசத் தூண்டுவது அந்தச் செயல் அன்று.

யாரிடம் சொல்வது

குரல் எட்டும் தூரத்தில் பெற்றோர் இருந்தால் பிள்ளையிடம் சொல்லாமல் அவர்களிடம் சொல்வதே முறை. இதில் மரியாதையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு: பிள்ளையின் வயது, குணம், அதற்குப் புரியும் சொல் எது என்பது அவர்களுக்குத் தெரியும். அதே சமயம், பெற்றோரிடம் சொல்வதில் ஓர் அபாயம் இருப்பதைப் பலர் யோசிப்பதில்லை. பத்துப் பேர் கேட்க, "என்னங்க, பையனைக் கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா?" என்று கேட்டால், அவமானம் தாங்காத தாயோ தந்தையோ அந்த இடத்திலேயே பிள்ளையை ஓர் அறை அறைந்துவிடுவார். அந்த அறை பிள்ளைக்காக விழுந்ததன்று. நம் கண்ணுக்காக விழுந்தது. ஆகையால் குற்றம்சாட்டும் தொனியை விட்டு, தீர்வைக் கையில் கொடுக்கும் தொனியில் பேச வேண்டும். "அக்கா, தம்பி என் சூட்கேஸ் மேல ஏறி நிக்கிறான், அதுல சக்கரம் இருக்கு, நழுவிடும். இந்தப் பக்கம் உக்கார வெச்சுக்கிறீங்களா?" என்ற கேள்வியில் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கவலையும் அடுத்து என்ன செய்வது என்ற வழியும் இருக்கின்றன. அறைவதற்கு அதில் இடமில்லை. அப்படியும் கை ஓங்கப்பட்டால், "ஐயையோ, அடிக்காதீங்க, அதுக்காகச் சொல்லல" என்று உடனே குறுக்கே பேசுவது, பேச்சைத் தொடங்கியவரின் கடமை.

கடை, பூங்கா, மெட்ரோ நிலையம், மண்டபம் போன்ற இடங்களில் பொறுப்பாளர் இருப்பார். அவர் சொன்னால் அது அந்த இடத்து விதி. நாம் சொன்னால் அது நம் அபிப்பிராயம். அவரிடம் விட்டுவிடுவது பல நேரங்களில் புத்திசாலித்தனம்.

பெற்றோர் அருகில் இல்லாத வளரிளம் பருவத்தினரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் நகரப் பேருந்துகளின் படிக்கட்டுதான் இந்த விவாதத்துக்கு நிரந்தரக் களம். 2023 நவம்பர் தொடக்கத்தில் சென்னையை அடுத்த கெருகம்பாக்கத்தில், படியில் தொங்கிக்கொண்டு சென்ற பள்ளி மாணவர்களைக் கண்ட ஒருவர், பேருந்தை நிறுத்தச் செய்து, மாணவர்களை அடித்துக் கீழே இறக்கி, ஓட்டுநரையும் நடத்துநரையும் கடுமையாகத் திட்டினார். காணொளி பரவியது. திரைத்துறையிலும் அரசியலிலும் அறியப்பட்டவரான அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் பிணையில் வெளிவந்தார். அவரைப் பாராட்டியவர்கள் ஏராளம். அவர் பயந்தது நியாயமான பயம்தான்; படிக்கட்டிலிருந்து விழுந்து சக்கரத்தில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் பயத்தின் நியாயம் கைக்கு இறங்கியதும் கெட்டுப்போயிற்று.

அந்தப் பருவத்துப் பையன்களைக் கூட்டாளிகளின் முன்னால் சிறுமைப்படுத்தினால், அடுத்த நிறுத்தத்தில் இன்னும் ஒரு படி வெளியே தொங்குவார்கள்; அந்த வயதில் உயிரைவிட முகம் பெரிது. இதற்கு நம் பேருந்துகளிலேயே ஒரு பழைய வழக்கம் மருந்தாக இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் நிற்கும் மாணவர்களின் புத்தகப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது. "தம்பி, பையை இங்க குடு. உள்ள வந்து கம்பியைப் புடிச்சுக்க, இடம் இருக்கு" என்று கையை நீட்டினால், பையும் பையனும் சேர்ந்து உள்ளே வருவார்கள். பை உங்கள் மடியில் இருக்கும்வரை அவன் பார்வையும் உங்கள் பக்கமே இருக்கும். நெரிசலில் உண்மையாகவே உள்ளே இடமில்லையென்றால், பேச வேண்டியது பையனிடம் அன்று, நடத்துநரிடம். அதற்கும் மேலே, பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தடத்தில் இன்னொரு வண்டி வேண்டும் என்று போக்குவரத்துக் கழகத்திடம்.

கை படக் கூடாது

"நம்ம பிள்ளை மாதிரி நினைச்சு ஒரு தட்டு தட்டினேன்" என்பது சட்டத்தின் முன் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் பாதுகாவலரோ, அவருடைய சம்மதத்துடன் பிறரோ செய்யும் செயலுக்குச் சில வரம்புகளோடு பாதுகாப்புத் தருகிறது. சம்மதம் பெறாத அந்நியர் அந்தக் குடையின் கீழ் வரமாட்டார். வேண்டுமென்றே காயம் அல்லது வலி உண்டாக்குவதற்கு அதே சட்டத்தின் 115ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியரே அடிக்கவோ மனத்தைப் புண்படுத்தவோ கூடாதென்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆசிரியருக்கு இல்லாத உரிமை பக்கத்து இருக்கைக்காரருக்கு எங்கிருந்து வரும்?

அடிப்பது மட்டுமன்று, கன்னத்தைக் கிள்ளுவது, தலையில் குட்டுவது, காதைப் பிடிப்பது, மடியில் தூக்கி உட்கார வைத்து "இனிமே பண்ண மாட்டேன்னு சொல்லு" என்று கேட்பது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அந்நியர் உடம்பைத் தொட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விலகி வா என்று வீட்டிலும் பள்ளியிலும் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடத்தை நாமே குலைக்கக் கூடாது.

தின்பண்டம் கொடுத்துச் சமாதானப்படுத்துவதும் இந்த வகையில் சேரும். அன்பில் தவறில்லை, காலம்தான் மாறிவிட்டது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் மூதாட்டி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் சிறு பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்ததற்காகக் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வளவு கொடிய முடிவு எல்லா இடத்திலும் நேர்ந்துவிடாது என்றாலும், பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையின் கையில் எதையும் வைப்பதில்லை என்று பழகிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

படம் பிடிப்பதும் கை வைப்பதுதான். ஒரு பிள்ளை செய்த சேட்டையைக் காணொளியாக்கிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று போடுகிறார்கள். காரில் கீறல் விழுந்த கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். அந்தக் காணொளி அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் யாருடைய கைபேசியிலாவது இருக்கும். குடியிருப்பில் தினமும் பார்க்கும் பிள்ளை என்றால் வேலை இன்னும் எளிது. மாலையில் வீட்டுக் கதவைத் தட்டி நேரில் சொல்லிவிடலாம்.

சொல்லும் சொற்கள்

ஒரே வாக்கியம் போதும். இரண்டாவது வாக்கியத்தில் உபதேசம் தொடங்கிவிடும். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அல்லது குறைந்தது குரலைத் தாழ்த்தி, எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு "ஓடாதே" என்ற சொல்லில் ஓட்டம்தான் கேட்கும். "மெதுவா நடந்து வா", "கையைக் கீழ வை", "காலை மடக்கிக்கோ" போன்றவற்றுக்கு அது உடனே கீழ்ப்படிய முடியும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்: "தம்பி, நீ சீட்டை உதைக்கும்போது எனக்கு முதுகுல இடிக்குது." தம்பி, பாப்பா, கண்ணு என்ற விளிகள் நம்மிடம் தயாராக இருக்கின்றன, "டேய்", "ஏய்", "இந்தா பிள்ளே" என்று தொடங்கினால் மீதி வாக்கியம் யார் காதிலும் ஏறாது.

பிள்ளை செய்ததைச் சொல்லலாம்; பிள்ளை எப்படிப்பட்டது என்று சொல்லக் கூடாது. குரங்கு, ரவுடி, திமிர் பிடிச்சது என்பவையெல்லாம் பட்டங்கள். "உங்க வீட்டுல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்ற கேள்வி பிள்ளையின் வழியாகப் பெற்றோரை அடிப்பது, நம் மொழியில் வளர்ப்பைப் பழிப்பதைவிடக் கூர்மையான வசவு அதிகம் இல்லை, அதைத் தெரிந்தேதான் கேட்கிறோம். சொன்னதைப் பிள்ளை கேட்டுவிட்டால் "தேங்க்ஸ் கண்ணு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மீண்டும் செய்கிறதா என்று முறைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை.

உங்களைப் பூச்சாண்டி ஆக்கும்போது

இதற்கு நேர்மாறான நிலையும் நம் ஊரில் அடிக்கடி நேர்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பீர்கள்; எதிரில் இருக்கும் தாய், சாப்பிட மறுக்கும் பிள்ளையிடம், "அங்க பாரு, அந்த மாமா முறைக்கிறாரு. சாப்பிடலைன்னா பிடிச்சிட்டுப் போயிடுவாரு" என்பார். பிள்ளை உங்களை நிமிர்ந்து பார்க்கும். பெரும்பாலானோர் அந்த வேடத்தை ஏற்றுக் கண்ணை உருட்டுகிறார்கள். தாய்க்கு உதவுவதாக நினைப்பு.

ஏற்காமல் இருப்பதே நல்லது. திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப் போன அதே பிள்ளை, அடுத்து உதவி கேட்க வேண்டியவர் ஓர் அந்நியர்தான், காக்கி உடை போட்ட காவலர்தான். அவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் என்று நம்ப வைத்த பிறகு, தொலைந்த பிள்ளை யாரிடம் போய் நிற்கும்? சிரித்த முகத்தோடு, "மாமா பிடிச்சிட்டுப் போக மாட்டேன். ஆனா அம்மா எவ்வளவு நேரமா ஊட்டுறாங்க பாரு, இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கோ" என்று சொன்னால் தாயின் முகமும் வாடாது, பயமும் விதைக்கப்படாது. காவலர்களை இப்படிக் காட்டும்போதும் அவர்கள் இதே போல் நடந்துகொண்டால் நன்றாக இருக்கும், சிலர் நடந்துகொள்கிறார்கள்.

பெற்றோர் சண்டைக்கு வந்தால்

எவ்வளவு பதமாகச் சொன்னாலும் சிலர் கோபப்படுவார்கள். "என் பிள்ளையைக் கேட்க நீ யாரு?" என்ற கேள்விக்கு விடை சொல்ல முயலவே வேண்டாம், ஏனெனில் அது கேள்வி அன்று. "நீங்க சொல்றது சரிதாங்க. சூடு பட்டுடுமேன்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு இடத்தை விட்டு நகர வேண்டும். நோக்கம் பிள்ளை வழியிலிருந்து விலகுவது; அது நடந்துவிட்டது. வாதத்தில் வெல்ல நின்றால், பெரியவர்கள் இருவர் பொது இடத்தில் கத்திக்கொள்வதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

கண்டிக்க வேண்டியவர் பெற்றோராகவே இருக்கும் நிலை எல்லாவற்றிலும் கடினமானது. களைத்துப்போன தாய் பேருந்து நிலையத்தில் பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பதும், ஒருவர் பிள்ளையை இடைவிடாமல் மூர்க்கமாக அடிப்பதும் ஒன்றல்ல. முதலாவதில், "அம்மா, பையைக் குடுங்க, பஸ் வர்ற வரைக்கும் நான் வெச்சிருக்கேன்" என்று சுமையை வாங்கிக்கொள்வது எந்த அறிவுரையையும்விட வேலை செய்யும். இரண்டாவதில் தனியாக மோதாமல், அருகிலிருக்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு குறுக்கே நிற்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ 112ஐயோ அழைக்க வேண்டும். 1098 நாள் முழுவதும் இயங்கும் இலவச எண். தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் வழி செய்கிறது. பெற்றோர் என்பது அதற்கு விதிவிலக்காகாது. அழைக்கும்போது இடம், பேருந்து அல்லது ரயிலின் எண், பிள்ளையின் தோராய வயது, உடுப்பின் நிறம் ஆகியவற்றைச் சொன்னால் போதும்.

உங்கள் பிள்ளையை ஒருவர் கண்டித்தால்

சொன்னவர் யார் என்பதைப் பார்க்கும் முன் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அவர் சொன்னது சரியென்றால், பிள்ளையை அந்தச் செயலிலிருந்து விலக்கிவிட்டு, "சரிங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். பொறுப்பு உங்களிடம் திரும்பிவிட்டது என்பது அவருக்கும் பிள்ளைக்கும் அந்தச் சொல்லிலேயே புரிந்துவிடும், அதற்குமேல் அவர் தொடர முடியாது. அவர் முன்னிலையில் நல்ல பெயர் வாங்குவதற்காகப் பிள்ளையை அடிக்கவோ, மன்னிப்புக் கேட்கும்படி கையைப் பிடித்து இழுக்கவோ வேண்டாம். பிள்ளை உண்மையிலேயே அவருடைய பொருளைக் கெடுத்திருந்தால் மன்னிப்பை முதலில் நீங்கள் கேளுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளை, பெரும்பாலும் தானும் வாயைத் திறக்கும்.

சொன்ன செய்தி சரியாகவும் சொன்ன விதம் தவறாகவும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே கையாள வேண்டும். முதலில் பிள்ளையை நிறுத்துங்கள். பிறகு அவரிடம், பிள்ளையின் காதிலும் விழும்படி, "அவன் செஞ்சது தப்புதான், நிறுத்திட்டேன். ஆனா நாயேன்னு சொல்லாதீங்க" என்று சொல்லுங்கள். அவர் கை வைத்திருந்தால் பேச்சோடு விடக் கூடாது; நடத்துநரையோ, ரயில்வே காவலரையோ, அந்த இடத்தின் பொறுப்பாளரையோ அங்கேயே அழைத்து, அவர் முன்னிலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.